பிள்ளை பெற்றவளுக்கு மட்டும்தானா?

"இருமினா ஒண்ணுக்கு வந்துருது" என்று ஐம்பது வயதுப் பெண் சொன்னால் சங்கரன்கோவிலில் யாரும் திடுக்கிடுவதில்லை. நாலு பிரசவம் கண்ட உடம்பு, கர்ப்பப்பை இறங்கியிருக்கும், டாக்டரம்மாவைப் போய்ப் பார் என்பார்கள். பத்தொன்பது வயதில், கல்யாணமாகாத ஒருத்தி அதையே சொன்னால் கிடைக்கும் பதில் வேறு. "சூடு பிடிச்சிருக்கும், எளநி குடி." "அது பிள்ள பெத்தவளுக்குல்லா வரும், ஒனக்கு என்னத்துக்கு வருது?" "வெளிய சொல்லிராத, வரன் பாக்குற நேரம்." சொல்பவர்கள் வேறு வேறாக இருக்கலாம், அடியில் கிடக்கும் நம்பிக்கை ஒன்றுதான். சிறுநீர்க் கசிவு மகப்பேற்றின் விளைவு, கருவே தரிக்காத உடம்பில் அது இருக்க முடியாது, இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் அவள் மிகைப்படுத்துகிறாள் அல்லது எதையோ மறைக்கிறாள்.

இந்த நம்பிக்கை பாட்டிமாரிடம் மட்டும் இல்லை. படித்த தாய்மாரிடம் இருக்கிறது, பள்ளி ஆசிரியைகளிடம் இருக்கிறது. "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டு, "இன்னும் கல்யாணம் ஆகலை" என்ற பதில் வந்ததும் அடுத்த கேள்வியைக் கேட்காமல் விடுகிற மருத்துவரிடமும் இருக்கிறது. அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு வைக்கிறேன். கர்ப்பமும் சுகப்பிரசவமும் சிறுநீர்க் கசிவுக்குப் பெரிய காரணங்கள் என்பதில் மருத்துவத்தில் கருத்து வேறுபாடு இல்லை. மாதக்கணக்கில் குழந்தையின் பாரத்தைத் தாங்கிய தசைகள் தளர்கின்றன. பிரசவத்தில் அவை இழுபடுகின்றன, சிலருக்குக் கிழிந்தே போகின்றன. பக்கத்தில் ஓடும் நரம்புகள் நசுங்குகின்றன. நார்வேயில் 65 வயதுக்கு உட்பட்ட 15,307 பெண்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவுகள் இதை எண்ணாலேயே காட்டின. சுகப்பிரசவம் மட்டும் ஆனவர்களில் 21 சதவீதம் பேருக்குக் கசிவு இருந்தது, சிசேரியன் மட்டும் ஆனவர்களில் 15.9 சதவீதம் பேருக்கு. ஆகவே பிரசவத்தின் மேல் பழி சொல்லும் முதியவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். கண்டது உண்மை. ஆனால் பிரசவத்தால் கசிவு வரும் என்பதிலிருந்து, பிரசவம் இல்லாவிட்டால் கசிவு வராது என்ற முடிவுக்குப் போக வழியே கிடையாது. புகையிலையால் புற்றுநோய் வரும் என்பதற்காக, புகைக்காதவனுக்குப் புற்றுநோயே வராது என்று எந்த மருத்துவராவது கட்டியைப் பார்க்காமல் திருப்பி அனுப்புவாரா?

1. அந்த நார்வே ஆய்வின் மூன்றாவது எண் எங்கே போயிற்று?

பிள்ளையே பெறாதவர்களையும் அந்த ஆய்வு எண்ணியது. அவர்களில் 10.1 சதவீதம் பேருக்குக் கசிவு இருந்தது. அதாவது பத்தில் ஒருத்தி. பிரசவத்தின் மேல் குற்றத்தைச் சாட்ட உதவுகிற ஆய்வே, பிரசவம் இல்லாமலும் இது வரும் என்பதற்குச் சாட்சி சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஓர் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்டார்கள். 16 முதல் 30 வயதுக்குள், ஒருமுறைகூடக் கருத்தரிக்காத 1,002 பெண்கள். அவர்களில் 12.6 சதவீதம் பேர் கசிவு இருப்பதாகச் சொன்னார்கள்.

"அதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு" என்பார்கள். சரி, பாதியாக்கிக்கொள்வோம். அப்போதும் நாற்பது பெண்கள் இருக்கும் பிளஸ் டூ வகுப்பறையில் இரண்டு பேருக்கு மேல் வருகிறார்கள். அந்த இரண்டு பேரும் தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு, ஒருத்திக்கு இன்னொருத்தி தெரியாமல், அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். நம் ஊரில் எண்ணிக்கை கூடுதலா குறைவா என்பது எண்ணினால்தான் தெரியும். எண்ணாமலே இல்லை என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது.

2. காரணத்தைக் கர்ப்பப்பையில் தேடுவது தப்பான இடத்தில் தேடுவது.

சிறுநீரைத் தாங்கி நிறுத்துவது கர்ப்பப்பையின் வேலை இல்லை. இடுப்பெலும்புக்கு அடியில் முன்னும் பின்னுமாகக் கட்டிய தூளிபோல ஒரு தசைப்படலம் இருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அது தாங்குகிறது, சிறுநீர் வெளியேறும் குழாயை இறுக்கிப் பிடிக்கிறது. இருமும்போதும் தும்மும்போதும் குதிக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். அந்த நொடிக்குச் சற்று முன்பே இந்தத் தசைகள் தாமாக இறுக வேண்டும். இறுகத் தவறினால், அல்லது இறுக்கம் போதாவிட்டால், கசிகிறது. அந்தத் தசை பிரசவத்தால்தான் தளர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அமெரிக்காவில் 1994இல் வெளியான ஆய்வு ஒன்று கல்லூரி அணிகளில் ஆடிய 144 வீராங்கனைகளிடம் கேட்டது. எவரும் பிள்ளை பெறாதவர்கள், சராசரி வயது இருபதுக்கும் கீழே. விளையாட்டின்போது சிறுநீர் கசிவதாகச் சொன்னவர்கள் 28 சதவீதம். ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவர்களில் 67 சதவீதம், கூடைப்பந்தில் 66 சதவீதம். ஸ்வீடனில் டிராம்போலின் பயிற்சி செய்த 12 முதல் 22 வயதுப் பெண்கள் 35 பேரிடம் கேட்டபோது 28 பேர் பயிற்சியில் கசிவதாகச் சொன்னார்கள். கட்டுறுதியான உடம்புகள் இவை. "நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு எப்படி வரும்?" என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். உயரம் தாண்டுகிற, கைப்பந்தில் எம்பி அடிக்கிற பெண் பத்தாம் வகுப்போடு ஆட்டத்தை நிறுத்திவிட்டால், படிப்புக்காக நிறுத்தினாள் என்று நாம் எழுதிக்கொள்கிறோம். அவளிடம் கேட்டவர் யார்?

பரம்பரையும் இதில் உண்டு. பிள்ளை பெறாத பெண்ணையும் பிள்ளை பெற்ற அவளுடைய சொந்தச் சகோதரியையும் ஜோடி சேர்த்து, 143 ஜோடிகளை அமெரிக்காவில் ஒப்பிட்டு 2005இல் எழுதினார்கள். பெறாதவர்களில் 47.6 சதவீதம், பெற்றவர்களில் 49.7 சதவீதம் என்று கிட்டத்தட்ட ஒரே அளவு வந்தது. அவர்கள் பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள், எனவே இருபது வயதுக்காரிக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் உடலின் இணைப்புத் திசு எவ்வளவு உறுதியாக அமைந்திருக்கிறது என்பது குடும்ப வழியில் வருகிறது என்பதை அது உணர்த்துகிறது. மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் பெண்களுக்கு இந்தத் தளர்ச்சி சிறு வயதிலேயே வரக்கூடும்.

நம் பக்கத்துக் காரணங்கள் இன்னும் கண்ணுக்கு நேராக இருக்கின்றன. தீராத மலச்சிக்கலில் தினமும் முக்குவது அந்தத் தசையைக் கீழே தள்ளுகிறது. தீராத இருமலும் அதையேதான் செய்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து பதினாறு, பதினெட்டு வயதுப் பெண்களை நூற்பாலைகளுக்கு அழைத்துப்போனார்களே, கல்யாணத்துக்குச் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து! பஞ்சுத்தூசியில் மூச்சு இளைத்து, ஷிப்டு முழுக்க நின்று, நாள் முழுக்க இருமிய பெண்களின் இடுப்புத்தசைக்கு என்ன ஆயிற்று என்று நாம் கேட்கவில்லை. அவர்கள் பிள்ளை பெறவில்லை. அது போதும், அவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று முடிவுகட்ட.

3. அடக்கச் சொன்னது யார்?

கசிவு எல்லாம் ஒரே வகை இல்லை. இருமும்போது கசிவது ஒன்று. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக் கதவைத் தொடுவதற்குள் போய்விடுவது இன்னொன்று. இரண்டாவதில் தசையைவிட மூத்திரப்பையின் பழக்கம்தான் முக்கியம். இயல்பான மூத்திரப்பை 300 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். பாதி நிறையும்போது முதல் சைகை தரும், கொஞ்சம் பொறுக்கலாம். பகலில் ஆறு முதல் எட்டு முறை போவது வழக்கம். என்றோ ஒருநாள் அடக்குவதால் எதுவும் கெட்டுப்போகாது. வருஷக்கணக்கில், காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அடக்கினால் அந்தப் பை தன் ஒழுங்கை இழக்கிறது. சிலருக்கு அது சொல்லாமல் கொள்ளாமல் சுருங்கத் தொடங்குகிறது. சிலருக்கு முழுவதும் காலியாகாமல் மிச்சம் தேங்கி, தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. தொற்று வந்தால் அவசரம் இன்னும் கூடுகிறது.

இனி நம் பெண்களின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத பள்ளிக் கழிப்பறைக்குப் போவதைவிட அடக்குவதே மேல் என்று பெண் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் செய்து முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கட்டடம் பல இடங்களில் வந்துவிட்டது. அதைக் கழுவ ஆள், குழாயில் தண்ணீர், பாடவேளை நடுவே எழுந்து போக அனுமதி, இந்த மூன்றும் இல்லாவிட்டால் கட்டடம் இருந்தும் அவள் அடக்கத்தான் செய்வாள்.

பள்ளி முடித்தவள் வேலைக்குப் போகிறாள். சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறிக்கூடத்தில் தார் சுற்றுகிற பெண்கள் இருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, தொழிலாளர்கள் அங்கே இருக்கும் எல்லா நேரத்திலும் எட்டக்கூடியதாகக் கழிப்பிடம் இருக்க வேண்டும், பெண்களுக்குத் தனியாக இருக்க வேண்டும் என்று அன்றே எழுதிவைத்தது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் கூடத்தில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலையாகவே எண்ணப்படவில்லை. சிறு சிறு கூடங்களாகப் பிரிந்து கிடக்கும் ஒரு தொழிலில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே பீடி சுற்றுகிறவளுக்குக் கழிப்பறை பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அன்றைய கணக்கு முடியும்வரை தட்டை விட்டு எழ மனம் வராது.

துணிக்கடைப் பெண்களின் கதை ஊரறிந்தது. கேரளத்தில் கோழிக்கோட்டில் விஜி முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' அமைப்பு, கடையில் வேலை செய்யும் பெண்கள் உட்காரவும் சிறுநீர் கழிக்கவும் வழி வேண்டும் என்று தெருவில் இறங்கிக் கேட்டது. போக இடமில்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்தோம் என்று அந்தப் பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்து ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றது. இருக்கை கிடைத்தது நல்லது. மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்காமல் அந்த இருக்கையை விட்டு எழுந்து போக முடிகிறதா என்பதுதான் மூத்திரப்பைக்கு முக்கியம்.

கோயிலையும் விட முடியாது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதிலிருந்து சங்கரநாராயணர் கோயிலை ஆடிச்சுற்று சுற்றுகிற பெண்களில் கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்ட இளம்பெண்கள் நிறைய. 108 சுற்று என்று நேர்ந்துகொண்டவள் அத்தனை நேரமும் எங்கே போவாள்? நேர்ச்சை அவளுடைய உரிமை. கூட்டத்துக்குப் போதுமான, சுத்தமான கழிப்பறை ஊரின் கடமை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. போகிற இடத்தில் கழிப்பறை இருக்காது என்று பயந்து, வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒருமுறை, பஸ் ஏறும்முன் ஒருமுறை, முட்டாவிட்டாலும் போய் வைத்துக்கொள்வது. திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்ப் படிக்கிற பெண்களுக்கு இது பாடமாகவே ஆகிவிடுகிறது. நாளடைவில் பை கொஞ்சம் சேர்ந்ததுமே அபாய மணி அடிக்கப் பழகிவிடுகிறது. அடக்குவதும் அவளுடைய தேர்வு இல்லை, முன்கூட்டியே போவதும் அவளுடைய தேர்வு இல்லை. பிள்ளை பெறாத உடம்புக்கு இது வராது என்று சொல்லும்போது நாம் காப்பாற்றுவது இந்த ஏற்பாடுகளைத்தான்.

4. "தண்ணியக் கொறச்சுக்கோ" என்பது வைத்தியமே இல்லை.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிறது. அடர்ந்த சிறுநீர் பையின் உட்சுவரை உறுத்தி அவசரத்தைக் கூட்டுகிறது. மலம் இறுகுகிறது, முக்க வேண்டியிருக்கிறது, தசை இன்னும் தளர்கிறது. தொற்றுக்கு இடம் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் நாள் முழுக்க ஒரு டம்ளர் தண்ணீரில் ஓட்டுகிற பெண்ணுக்குச் சிறுநீரகக் கல்லும் வரலாம். குறைக்க வேண்டியது தண்ணீரை இல்லை. ஒரு நாளில் ஐந்தாறு முறை குடிக்கிற டீயையும் காப்பியையும் குறைத்துப் பார்க்கலாம்.

5. "கல்யாணம் ஆனா சரியாயிரும்" என்பவர் தன் வாதத்தைத் தானே வெட்டிக்கொள்கிறார்.

பிரசவம்தான் கசிவுக்குக் காரணம் என்றால், கசிகிற பெண்ணைப் பிரசவத்துக்கு அனுப்புவது எப்படி வைத்தியம் ஆகும்? இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. ஆனால் சொல்கிறார்கள். கருத்தரிக்கும் முன்பே கசிவு உள்ள பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு அது நீடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே கல்யாணத்துக்கு முந்திய வருஷங்கள்தான் தசையைச் சீராக்க நல்ல காலம். அந்தக் காலத்தைத்தான் நாம் சும்மா இரு என்று சொல்லிக் கடத்துகிறோம். பிறகு முதல் பிரசவம் முடிந்ததும், பார்த்தாயா, பிள்ளை பெற்றதால்தான் வந்தது என்று பழைய நம்பிக்கைக்கே புதிய ஆதாரமாக அவளைக் காட்டுகிறோம்.

6. இந்த நம்பிக்கையின் கனத்த விலையைக் கொடுப்பவர்கள் வேறு நோய் உள்ள பெண்கள்.

என்னைக் கோபப்படுத்துவது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பிறவியிலேயே வரும் ஒரு குறை உண்டு. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் மூத்திரப்பைக்குள் திறக்காமல், இறுக்கிப் பிடிக்கும் தசைக்கும் கீழே, யோனிப் பகுதியில் போய்த் திறந்துவிடும். ஆண் குழந்தைக்கு இதே குறை இருந்தால் குழாய் அந்தத் தசைக்கு மேலே திறப்பதால் கசிவு வராது. பெண்ணுக்குத்தான் கசியும். அந்தப் பெண் குழந்தை மற்றவர்களைப் போல நேரத்துக்குச் சிறுநீர் கழிப்பாள். இருந்தும் இரவும் பகலும் உள்ளாடை ஈரமாகவே இருக்கும். சின்ன வயதில் சோம்பேறி, பழக்கம் சரியில்லை என்று அடி வாங்குவாள். வயதுக்கு வந்த பிறகு வெள்ளைப்படுதல் என்று நினைத்து மருந்து கொடுப்பார்கள். வாசனை வெளியே தெரியக் கூடாதென்று நாப்கின் மேல் நாப்கின் வைத்துக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்து, பள்ளியையே விட்டு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. இருபது வயது தாண்டியும் கண்டுபிடிக்கப்படாமல் வாழ்ந்த பெண்களை மருத்துவ இலக்கியம் பலமுறை பதிவு செய்திருக்கிறது. சாதாரண ஸ்கேனில் சில நேரம் இது தப்பிவிடும். சிறுநீர்ப் பாதை முழுவதையும் காட்டும் சிடி அல்லது எம்ஆர்ஐ வேண்டியிருக்கும். கண்டுபிடித்துவிட்டால் அறுவை சிகிச்சை ஒன்றோடு, பிறந்ததிலிருந்து நனைந்துகொண்டிருந்தவள் உலர்ந்துவிடுகிறாள். அதற்கு ஒரே நிபந்தனை, யாராவது அவளை நம்பி, எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டும்.

இன்னும் இருக்கின்றன. அடிக்கடி போவதோடு தாகம், மெலிவு என்றால் சர்க்கரை நோயாக இருக்கலாம், அது பதினைந்து வயதிலும் வரும். காலில் மரப்பு, நடையில் தடுமாற்றம், மலத்தையும் அடக்க முடியாமை, முதுகின் அடியில் பிறவிக் குழியோ முடிக்கற்றையோ சேர்ந்திருந்தால் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். சிறுநீரில் ரத்தம், மருந்துக்கு அடங்காத எரிச்சல், பகலிரவு ஓயாத அவசரம் என்றால் நம் நாட்டில் காசநோயை மறக்கக் கூடாது. அது மூத்திரப்பையையும் தாக்கிச் சுருக்கிவிடும். இவற்றில் எதற்கும் இளநீர் மருந்தாகாது. சங்கரன்கோவிலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அந்தத் தூரத்தைவிட "உனக்கு என்னத்துக்கு வருது?" என்ற கேள்வி அவளை அதிகம் தடுக்கிறது.

7. வைத்தியம் இல்லை என்று சொன்னது யார்?

இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதினார். எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இருமும்போது கசியும் வகைக்கு இந்தப் பயிற்சி எவ்வளவு உதவுகிறது என்பதை, பல சோதனைகளைத் திரட்டி 2018இல் காக்ரேன் தொகுப்பு மதிப்பிட்டது. பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம். அறுவை இல்லை, மாத்திரை இல்லை, செலவும் பெரிதாக இல்லை.

யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் தானே செய்வது மட்டும் போதாது. வெறும் வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்த 47 பெண்களை 1991இல் சோதித்தபோது பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருத்தி, கசிவை இன்னும் கூட்டக்கூடிய விதத்தில், உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கிக்கொண்டிருந்தாள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் உள்ளிழுத்து மேலே தூக்க வேண்டும், வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இருமல் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் தசையை இறுக்கிவிட்டு இரும வேண்டும். முட்டிக்கொண்டு வரும் வகைக்கு வேறு பயிற்சி. போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, ஆறு வாரமாவது பழக்க வேண்டும். சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, எப்போதும் விறைத்தே இருக்கும். அவர்களுக்கு இறுக்கச் சொல்லிக்கொடுப்பது கெடுதல், தளர்த்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைப் பிரித்தறியத்தான் பிசியோதெரபிஸ்ட் வேண்டும்.

பிசியோதெரபிஸ்டுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடிப் பிசியோதெரபியைக் கொண்டுபோகிறது. பக்கவாதம் வந்தவருக்கும் படுக்கையில் கிடப்பவருக்கும் அது பெரிய உதவி. அதே கைகளுக்கு இடுப்புத்தளப் பயிற்சியையும் கற்றுக்கொடுத்து, பெண் பிசியோதெரபிஸ்டுகளை வாரம் ஒருநாள் தாலுகா மருத்துவமனையில் உட்காரவைப்பது இயலாத காரியமா? மாதவிடாயைப் பற்றிப் பேசவே கூடாது என்றிருந்த ஊர்களில், வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2012இல் கொண்டுவந்தது. கிராமத்துச் செவிலியர்கள் அதைப் பேசினார்கள். பேசிப் பழகிய வாய்க்கு இன்னொரு கேள்வி பாரமாகாது.

8. "வெளியே தெரிந்தால் வரன் அமையாது."

இந்தப் பயத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. பெண் பார்க்கும் வீட்டில் என்னென்ன கேட்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மௌனம் அவளைக் காப்பாற்றுகிறது என்ற கணக்கு தவறு. கசிவு கல்யாணத்துக்குப் பிறகும் இருக்கும், இன்னும் கூடலாம். முன்பே பேசியிருந்தால் மூன்று மாதத்தில் குறைந்திருக்கக்கூடிய ஒன்றைப் புகுந்த வீட்டில் தனியாகச் சுமக்க அவளை அனுப்புகிறோம். புற்றுமண்ணைப் பூசித் தோல்நோயைக் கோமதி அம்மனிடம் வெளிப்படையாக முறையிடுகிற ஊர் இது. உடம்பின் நோவைச் சொல்வதில் இங்கே யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. இந்த ஒன்றில் மட்டும் வெட்கம் வந்ததற்குக் காரணம், பிள்ளை பெறாதவளுக்கு இது வந்தால் அவள் ஒழுக்கத்தில் ஏதோ கோளாறு என்ற சந்தேகத்தை அதன்மேல் ஏற்றிவைத்ததுதான். அந்தச் சந்தேகத்துக்கு உடற்கூற்றில் துளியும் ஆதாரம் இல்லை. கசிவை வைத்து ஒரு பெண்ணின் கடந்த காலத்தை யாராலும் படிக்க முடியாது.

டாக்டரிடம் போனால் உள்ளே சோதிப்பார்கள், கன்னிப்பெண்ணுக்கு அது கூடாது என்று தாய்மார் பயப்படுகிறார்கள். தொடங்குவதற்கு அது தேவையே இல்லை. எப்போது கசிகிறது, எவ்வளவு, எந்த வயதிலிருந்து என்ற பேச்சு. தொற்றும் சர்க்கரையும் இருக்கிறதா என்று ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. குடித்தது, போனது, கசிந்தது மூன்றையும் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்வது. சிறுநீர் கழித்த பிறகு மிச்சம் தேங்குகிறதா என்று வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன். முதல் சந்திப்புக்கு இவ்வளவு போதும். இதற்குமேல் எந்தச் சோதனையாக இருந்தாலும் அவளுடைய சம்மதத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும், வேண்டாம் என்றால் அவளைக் கடிந்துகொள்ளக் கூடாது. மருத்துவர் செய்ய வேண்டியது, பிள்ளைகள் எத்தனை என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலோடு பேனாவை மூடிவிடாமல் அடுத்த கேள்வியைக் கேட்பது. தாய் செய்ய வேண்டியது, பெண்ணுக்குப் பதிலாகத் தானே பேசாமல் அவளைப் பேசவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.